நந்தியாவட்டையில் நீலக் கண்ணோடு ஒரு பச்சைப் புழு: ஆடும் குழந்தையும் உள்ள வீட்டில் என்ன செய்யலாம்?

கொரங்காட்டு வீடு

அனைவருக்கும் வணக்கம். காங்கயத்திலிருந்து தாராபுரம் போகும் சாலையை விட்டு உள்ளே தள்ளி எங்கள் தோட்டம் இருக்கிறது. வாசலுக்கு இடப்புறம் ஆறு செவ்வரளிகளும், பூசைக்குப் பூப் பறிப்பதற்காக வைத்த அடுக்கு நந்தியாவட்டை ஒன்றும் நிற்கின்றன. கடைசி அரளியிலிருந்து ஏழெட்டு அடியில் ஆட்டுப்பட்டி.

சென்ற வெள்ளிக்கிழமை காலையில் பூப் பறிக்கப் போனபோது நந்தியாவட்டையின் நுனிக்கிளைகள் இரண்டு இலையே இல்லாமல் குச்சியாக நின்றன. கீழே கோலத்தின் மேல் மிளகைவிடப் பெரிய கரும்பச்சை உருண்டைகள் சிதறிக் கிடந்தன. ஆட்டுப் புழுக்கையோ என்று குனிந்து பார்த்தேன்; ஒவ்வொன்றிலும் நீளவாக்கில் வரிவரியாகப் பள்ளம் இருந்தது. அண்ணாந்து தேடியும் ஒன்றும் தென்படவில்லை. ஐந்து வயது மகள்தான் "அம்மா, இலை நகருது" என்று காட்டினாள். என் நடுவிரல் நீளத்துக்குக் குறையாத, அதைவிடத் தடித்த பச்சைப் புழு ஒன்று கிளையின் அடிப்பக்கமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. வால் முனையில் மஞ்சளாகச் சிறு கொம்பும், பக்கவாட்டில் வெள்ளைக் கோடும், கோட்டைச் சுற்றிப் பொடிப் புள்ளிகளும் இருந்தன. நான் தடுப்பதற்குள் மகள் அதைத் தொட்டுவிட்டாள். உடனே அது தலையை உள்ளே இழுத்துக் கழுத்தை வளைத்தது; அந்த வளைவில் வெள்ளையும் நீலமுமாக, கருவட்டம் கட்டிய இரண்டு பெரிய கண்கள் விழித்தன. நானே ஓரடி பின்வாங்கிவிட்டேன்.

அன்றிரவு வாசல் டியூப்லைட்டுக்குக் கீழே சுவரில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பச்சைப் பூச்சி உட்கார்ந்திருந்தது. இதற்கும் புழுவுக்கும் தொடர்பு உண்டா என்பது முதல் ஐயம். மகள் புழுவைத் தொட்டதால் ஏதேனும் ஆகுமா என்பது அடுத்தது. மாமியாரோ, "கண்ணு வெச்ச புழு, ஆட்டுக்குட்டி தழையோட தின்னா செத்துப்போகும், சீமெண்ணெய ஊத்திக் கொளுத்திப்போடு" என்று நாள்தோறும் சொல்கிறார். அவர் நாற்பது ஆண்டுகளாக ஆடு வளர்ப்பவர். அவர் சொல்லை அலட்சியப்படுத்தவும் மனம் வரவில்லை. இதற்கிடையில் நேற்றிலிருந்து புழுவின் பச்சை மங்கி முதுகு பழுப்பாகிவிட்டது; எதையும் தின்னாமல் தண்டில் மேலும் கீழும் அலைகிறது. நோய் கண்டிருக்கிறதா? மருந்தடித்தால் பூவைச் சாமிக்கு வைக்க முடியாது என்பதால் இன்னும் எதுவும் செய்யாமல் இருக்கிறேன். தெரிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

அந்தி விளக்கு

வணக்கம் அம்மா. நான் கோபிச்செட்டிபாளையத்தில் பள்ளி ஆசிரியர். பத்தாண்டுகளுக்கு மேலாக வீட்டு விளக்குக்கு வரும் அந்துப்பூச்சிகளைப் படம் எடுத்துக் குறித்து வருகிறேன். நீங்கள் எழுதியிருக்கும் அடையாளங்களில் ஐயத்துக்கு இடமே இல்லை. புழுவும் சுவரில் கண்ட பூச்சியும் ஒரே இனம். அரளிப் பருந்து அந்துப்பூச்சி என்று தமிழில் சொல்லலாம். அறிவியல் பெயர் டாஃப்னிஸ் நேரியை. 1758-இல் லின்னேயஸ் பெயரிட்ட இனங்களில் இதுவும் ஒன்று. அரளியின் அறிவியல் பெயரான நேரியம் என்பதிலிருந்தே அந்தப் பின்பெயர் வந்தது. ஆப்பிரிக்காவிலிருந்து நம் நாடு உட்படத் தெற்காசியா முழுவதும் பரவியிருக்கிறது. கோடைக்காலத்தில் ஐரோப்பா வரை வலசை போகும் அளவுக்கு இறக்கை வலிமை கொண்டது.

முதலில் குழந்தையைப் பற்றி. அந்தப் புழுவுக்குக் கொட்டும் முடி கிடையாது, கடிப்பதும் இல்லை. வாலில் உள்ள கொம்பு தொட்டால் மெத்தென்று வளையுமே தவிர அதில் ஊசியோ நஞ்சுப்பையோ இல்லை. கம்பளிப்பூச்சி பட்டால் அரிக்கும் என்ற நம் அனுபவத்தை இந்தப் புழுவின் மேல் ஏற்ற வேண்டியதில்லை. கையைச் சோப்புப் போட்டுக் கழுவினால் போதும். அதுவும் செடியின் சாறு பட்டிருக்கலாம் என்பதற்காகத்தான். நீங்கள் கண்ட 'கண்கள்' பார்ப்பதற்கு உரியவை அல்ல. உண்மையான கண்கள் தலையின் ஓரத்தில் கடுகளவுகூட இல்லாமல் இருக்கும். கொத்த வரும் மைனாவோ கரிச்சானோ எதிர்பாராமல் இரண்டு கண்ணைப் பார்த்து ஒரு நொடி தயங்கினால், அந்த ஒரு நொடிதான் புழுவுக்கு உயிர். நீங்கள் ஓரடி பின்வாங்கியதும் அதனால்தான்.

மாமியார் சொல்வதில் முக்கியமான ஓர் உண்மை இருக்கிறது; அது சேர வேண்டிய இடம் மட்டும் மாறியிருக்கிறது. நஞ்சு அரளிச் செடியில் இருக்கிறது. இலை, பட்டை, பூ, வேர் என எல்லாப் பாகத்திலும் ஓலியாண்ட்ரின் உள்ளிட்ட கிளைக்கோசைடுகள் உள்ளன. அவை இதயத் தசையின் உயிரணுக்களில் சோடியத்தையும் பொட்டாசியத்தையும் மாற்றி மாற்றி இறைக்கும் பம்பை நிறுத்திவிடுகின்றன. ஆடு, மாடு, மனிதர் யாராயிருந்தாலும் இதயத் துடிப்பு தாறுமாறாகி உயிருக்கு ஆபத்தாகும். இலை வாடினாலும் காய்ந்தாலும் அந்த நஞ்சு போவதில்லை. செடியைக் கொளுத்தினால் வரும் புகையும் கெடுதல். ஆகவே புழுவைக் கொளுத்துவதாக நினைத்து அரளிக் கிளையோடு தீ வைத்துவிடாதீர்கள்.

அரளியையே தின்று வளரும் புழு எப்படிப் பிழைக்கிறது என்பதை ஆராய்ந்திருக்கிறார்கள். எருக்கு வகைச் செடிகளைத் தின்னும் சில வண்ணத்துப்பூச்சிகளின் உடலில் அந்தப் பம்பே நஞ்சுக்கு மசியாதபடி மாறியிருக்கிறது. இந்த அந்துப்பூச்சியிலோ பம்பு மாறவே இல்லை. நஞ்சு நேராகப் பட்டால் அதுவும் நின்றுபோகும். தின்ற நஞ்சைக் குடலைத் தாண்டவிடாமல் வெளியேற்றிவிடுவதால்தான் புழு தப்பிக்கிறது. கோலத்தின் மேல் நீங்கள் கண்ட வரிப்பள்ள உருண்டைகளைத் தொட்டால் கை கழுவச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். மேலும் உங்கள் புழு இருந்தது நந்தியாவட்டையில். அரளியும் நந்தியாவட்டையும் நித்தியகல்யாணியும் ஒரே குடும்பம் என்பதால் மூன்றிலும் இந்தப் புழு வளரும். ஆனால் நந்தியாவட்டையில் அரளியின் இதய நஞ்சு இல்லை. நம் பக்கத்தில் நான் பார்த்த வரையில் அரளியைவிட நந்தியாவட்டையில்தான் இது அதிகமாகத் தென்படுகிறது. கொங்கு நாட்டுக் கோயில்களிலும் வீட்டு வாசல்களிலும் நந்தியாவட்டைக்குக் குறைவில்லை. நெடுஞ்சாலை நடுத்திட்டுகளில், வறட்சி தாங்கும் என்றும் கால்நடை வாய் வைக்காது என்றும் பல இடங்களில் செவ்வரளியை வரிசையாக வைத்திருக்கிறார்கள். அத்தனையும் இந்தப் பூச்சிக்குத் தொட்டில்தான்.

பழுப்பாவது நோய் அன்று. தாய்ப்பூச்சி இளந்தளிரில் ஒவ்வொன்றாக வெளிர்பச்சை முட்டைகளை இடும். பொரித்து வரும் குஞ்சுப்புழு மஞ்சளாக, உடம்புக்குப் பொருந்தாத நீளத்தில் கறுப்புக் கொம்போடு இருக்கும். பிறகு பச்சையாகி, தோலுரித்துத் தோலுரித்து ஐந்தாம் பருவத்தில் நீங்கள் பார்த்த பருமனுக்கு வரும். கூட்டுப்புழுவாகும் நாள் நெருங்கியதும் தின்பதை நிறுத்திப் பழுப்பாகிக் கீழே இறங்கும். சருகு மண்டிய இடம் பார்த்து நாலைந்து சருகுகளை மெல்லிய நூலால் தைத்ததுபோல் இழுத்துக்கொண்டு உள்ளே அடங்கும். கூட்டுப்புழு ஏறக்குறைய இரண்டரை அங்குலம், வெளிர்பழுப்பு நிறம், நடுவில் ஒரு கறுப்புக் கோடும் ஓரங்களில் கறுப்புப் புள்ளிகளும் உண்டு. நம் பக்கத்து வெப்பத்துக்குச் சுமார் இரண்டு வாரத்தில் பூச்சி வெளிவரும். வாசலைக் கூட்டும்போது அந்தச் சருகையும் வாரிக் குப்பையில் போட்டு எரிப்பதுதான் இதற்கு நேரும் பெரிய கேடு. முடிந்தால் ஒரு மண்சட்டியில் இரண்டு விரல்கடை மண்ணும் மேலே சருகும் இட்டு, வலைத்துணியால் வாயைக் கட்டி, புழுவை அதில் விட்டுப் பாருங்கள். வெளிவரும் பூச்சி ஏறித் தொங்கி இறக்கையை விரிக்க ஒரு குச்சியைச் சாய்த்து வைப்பது மிக அவசியம். பிடிமானம் இல்லாவிட்டால் இறக்கை சுருண்டே காய்ந்துவிடும்.

அரளித்தோட்டம்

சேலம் பனமரத்துப்பட்டிப் பக்கம் எங்களுக்கு முக்கால் ஏக்கர் அரளி இருக்கிறது. மாலைக்கு மொக்காகவே பறித்து மார்க்கெட்டுக்கு அனுப்புகிறோம். விடியுமுன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு பறிப்பதால் இந்தப் புழுவையும் பூச்சியையும் நான் பார்க்காத மாதம் குறைவு. ஆசிரியர் ஐயா சொன்னதற்கு என் தோட்டமே சாட்சி. ஒரு செடியில் ஒரு புழு, மிஞ்சினால் இரண்டு. நுனியில் ஒரு சாண் மொட்டையாகும். அடுத்த வாரமே பக்கக்கிளை வெடித்துத் தழைத்துவிடும். அரளிக்கு உண்மையான தொல்லை தருபவை மொக்கின் காம்பில் மஞ்சள் மஞ்சளாக அப்பிக்கொள்ளும் அசுவினியும் மாவுப்பூச்சியும்தான். அவற்றுக்காக அடிக்கும் மருந்தில் இந்தப் புழுவும் சேர்ந்து சாகிறது என்பதைப் பார்த்த பிறகு, நாங்கள் அசுவினி கண்ட செடியை மட்டும் வேப்பெண்ணெய்க் கரைசலால் நனைக்கிறோம்.

ஆட்டைப் பற்றி நான் ஒன்று சொல்லியாக வேண்டும். நான்கு ஆண்டுகளுக்கு முன்பு கவாத்து செய்த அரளிக் கிளைகளை, நாளை அள்ளலாம் என்று வரப்பில் போட்டுவிட்டு வந்தேன். ஆடு அரளியை மோந்துகூடப் பார்க்காது என்பதுதான் எங்கள் எண்ணம். பச்சையாக நிற்கும் செடியைப் பொறுத்தவரை அது பெரும்பாலும் சரியும்கூட. ஆனால் வெட்டிப்போட்ட தழை வெயிலில் துவண்டு, பக்கத்தில் அறுத்து வைத்திருந்த சோளத்தட்டோடு கலந்துவிட்டது. மறுநாள் காலையில் எங்கள் வெள்ளாடு ஒன்று வாயில் நுரை தள்ளிக் கிடந்தது. கால்நடை மருத்துவர் வருவதற்குள் போய்விட்டது. வயிற்றில் இருந்தது ஒரு கைப்பிடி இலைதான். அதன் குட்டிக்கு அப்போது இருபது நாள். புட்டியில் பால் கொடுத்து வளர்த்தோம். பட்டிக்கு ஏழடியில் அரளி நிற்கிறது என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்கு அந்த நினைவுதான் வந்தது. புழுவை விட்டுவிடுங்கள், அம்மா. பட்டி ஓரத்து அரளியை எடுத்துவிடுங்கள். எடுக்கும் கிளையைக் குழி தோண்டிப் புதையுங்கள்.

எள்ளுக்காடு

மற்றவர்கள் சொல்வதற்கு மாறாகப் பேசுவதாக எண்ண வேண்டாம். எங்களுக்குச் சிவகிரிப் பக்கம் எள்ளு வெள்ளாமை. இதே போல வாலில் கொம்பு வைத்த பச்சைப் புழு எள்ளுச் செடியில் ஏறினால் இலையைக் காம்போடு தின்று தீர்த்துவிடும். அதன் பூச்சி முதுகில் மண்டையோட்டு உருவத்தோடு இருக்கும். பிடித்தால் எலிக்குஞ்சு போலக் கீச்சென்று கத்தும். அது வீட்டுக்குள் வந்தால் ஆகாது என்று எங்கள் அப்புச்சி விளக்கையே அணைத்துவிடுவார். இரண்டும் ஒன்றுதானே? அப்படியானால் விட்டுவைப்பது சரியா?

அந்தி விளக்கு

நல்ல கேள்வி ஐயா. பலரும் இதில் குழம்புகிறார்கள். வாலில் கொம்பு என்பது பருந்து அந்துப்பூச்சிக் குடும்பத்தின் பொது அடையாளம். உலகில் ஆயிரத்து நானூறுக்கும் மேற்பட்ட இனங்கள் கொண்ட குடும்பம் அது. நீங்கள் சொல்வது மண்டையோட்டுப் பருந்து அந்துப்பூச்சி, அக்கரோன்ஷியா ஸ்டிக்ஸ். அதன் புழுவுக்குக் கண்புள்ளி கிடையாது. உடம்பின் பக்கத்தில் சாய்வான பட்டைகள் இருக்கும், கொம்பு சொரசொரப்பாகச் சுருண்டு நிற்கும். அரளிப் புழுவுக்கோ சாய்பட்டை இல்லை. ஒரே நேர்க்கோடும் இரண்டு நீலக்கண்ணும்தான். எள்ளுக்குப் போகும் புழு அரளிக்கு வராது, அரளியில் வளர்வது எள்ளைத் தொடாது. உங்கள் காட்டில் புழு குறைவாக இருக்கும் நாளிலேயே கையால் பொறுக்கிவிட்டால் போதும். பருமனான புழு என்பதால் கண்ணுக்கு எளிதில் அகப்படும், அகப்படாவிட்டாலும் கீழே கிடக்கும் எச்சம் இடத்தைக் காட்டிக்கொடுக்கும்.

கீச்சொலியைப் பற்றி அப்புச்சி அஞ்சியதில் வியப்பில்லை. நானும் சிறுவயதில் அஞ்சியவன்தான். பூச்சி தன் உறிஞ்சுகுழல் வழியாகக் காற்றை இழுத்து வெளிவிடுவதால் எழும் ஓசை அது. தேன்கூட்டுக்குள் புகுந்து தேன் குடிக்கும் வழக்கம் அதற்கு உண்டு. வீட்டுக்கு வருவது விளக்கைப் பார்த்துத்தான்.

அரளிப் பூச்சியின் தோற்றத்தை முதல் பதிலில் சொல்லாமல் விட்டுவிட்டேன். இறக்கை விரித்தால் ஒன்பது முதல் பதினொரு சென்டிமீட்டர். முன்னிறக்கையின் அடிநிறம் பாசிப்பயறு நிறம். அதன் குறுக்கே வெளுத்த இளஞ்சிவப்பில் ஒரு பட்டையும், அதையொட்டி அடர்பச்சையும் கத்தரிப்பூ நிறமும் பளிங்குக்கல்லில் ஓடும் ரேகைபோல அலையலையாகவும் இருக்கும். தோளருகே வெள்ளை வட்டத்துக்குள் ஒரு பச்சைப் பொட்டு. பகலில் இலைக்கூட்டத்தில் அமர்ந்துவிட்டால் கை எட்டும் தூரத்தில் நின்றும் காண முடியாது. அந்தி சாய்ந்ததும் புறப்படும். ஆனால் உடனே பறக்காது. மார்புத் தசைகள் சூடேறும் வரை இறக்கையை நடுநடுவென்று நடுக்கிக்கொண்டே இருந்து, பிறகு ஒரே எழும்பலில் போய்விடும். பூவில் உட்காராமல் அந்தரத்தில் நின்றபடியே நீண்ட குழலை நீட்டித் தேன் குடிக்கும். மல்லிகை, பவளமல்லி, மரமல்லி என்று இரவில் மணக்கும் வெள்ளைப் பூக்களை நாடும் கூட்டம் இது. பப்பாளி போட்டிருப்பவர்கள் இன்னொன்றும் அறிந்துகொள்ளுங்கள்: கோ 2 போல ஆண்மரமும் பெண்மரமும் தனித்தனியாக உள்ள ரகங்களில் மகரந்தத்தைக் கொண்டு சேர்ப்பதில் பருந்து அந்துப்பூச்சிகளுக்குப் பெரிய பங்கு உண்டு. பிள்ளைகளுக்கு நேரில் காட்ட விரும்பினால், கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் 2018-இல் திறக்கப்பட்ட பூச்சி அருங்காட்சியகத்துக்கு ஒரு விடுமுறை நாளில் அழைத்துப் போகலாம்.

கொரங்காட்டு வீடு

பதில் எழுதிய மூவருக்கும் நன்றி. ஆசிரியர் ஐயா சொன்னபடி பழைய மண்சட்டியில் மண்ணும் நந்தியாவட்டைச் சருகும் இட்டுப் புழுவை விட்டோம். அன்றிரவே சருகுக்குள் போய்விட்டது. மூன்றாம் நாள் மெதுவாக விலக்கிப் பார்த்தபோது பழுப்புநிறக் கூடாகியிருந்தது. மகள் தினமும் பள்ளியிலிருந்து வந்ததும் சட்டி முன்னால் உட்கார்ந்துகொள்வாள். கூட்டை விரலால் இலேசாகத் தொட்டால் அடிப்பகுதி மட்டும் வெட்டி வெட்டித் திரும்பும். அதைப் பார்த்து "உள்ளே முழிச்சிருக்கு" என்பாள்.

பதின்மூன்றாம் நாள் இருட்டின பிறகு வலைத்துணிக்குள் சலசலப்புக் கேட்டது. சாய்த்து வைத்த குச்சியில் ஏறித் தொங்கிக்கொண்டிருந்தது. அப்போது இறக்கைகள் கட்டைவிரல் நகத்தளவுதான். நனைந்த துணிபோலத் தொங்கின. நாங்கள் சாப்பிட்டு முடித்து வருவதற்குள் முழுதாக நீண்டுவிட்டன. துணியை அவிழ்த்துவிட்டும் நெடுநேரம் அசையவில்லை. ஐயா எழுதியிருந்த அந்த நடுக்கம் தொடங்கியபோது மாமியாரும் வந்து நின்றார். இறக்கை அசைவதே கண்ணுக்குத் தெரியாமல் ஒரு பச்சைப் புகையாக மட்டும் தெரிந்தது. பிறகு அது நந்தியாவட்டையைச் சுற்றிவிட்டுக் மேய்ச்சல் நிலமான கொரங்காட்டின் வெள்வேல மரங்களின் பக்கம் போய் மறைந்தது. "இத்தனை நாளா இத எத்தனை நசுக்கியிருப்பேன்" என்றார் மாமியார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

அரளித்தோட்டத்து ஐயா சொன்னதை மறுநாளே அவரிடம் படித்துக் காட்டினேன். பட்டி ஓரத்து மூன்று அரளிகளையும் அவரே முன்னின்று வேரோடு எடுக்கச் சொன்னார். ஒரு இலை விடாமல் பொறுக்கி, இடுப்பளவு குழியில் போட்டு மூடினோம். வாசல்பக்கத்து மூன்றும் நந்தியாவட்டையும் அப்படியே இருக்கின்றன. எடுத்த இடத்தில் கிளுவைப் போத்து நட்டிருக்கிறோம்.